எட்டு மணிக்கு விளக்கணைக்கும் கிராமம்

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி மேற்கே போனால், ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு தண்டவாளம் தீர்ந்துபோகும். அந்தக் கடைசி ஸ்டேஷனின் பெயர் பென்சான்ஸ். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியில் இருக்கும் கடற்கரை ஊர். ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்பே ரயில் கடலோரமாக ஓட ஆரம்பித்துவிடும். இடது பக்க ஜன்னலில் கடலுக்குள் ஒரு குன்றும், குன்றின் தலையில் ஒரு கோட்டையும் தெரியும். செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட். கடல் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து கல் பாவிய பாதையில் நடந்தே அங்கே போகலாம். தண்ணீர் ஏறிவிட்டால் படகுதான்.

பெரும்பாலான பயணிகள் அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால், அதே வளைகுடாவின் மறு பக்கத்தில், பென்சான்ஸிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் ஒரு சின்ன மீனவ கிராமம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘எலி வளை’ என்று அர்த்தம் வரும். ஊர்க்காரர்கள் ‘மௌஸல்’ என்பார்கள். எழுத்துக்கூட்டிச் சொல்கிறவர் வெளியூர்க்காரர் என்று அங்கே உடனே தெரிந்துவிடும்.

மௌஸல் நிஜமாகவே ஒரு வளை மாதிரிதான். கருங்கல் சுவர்கள் இரண்டு கைகளைப் போல வளைந்து ஒரு குட்டித் துறைமுகத்தை அணைத்துக்கொண்டிருக்கின்றன. நடுவே படகுகள் நுழைய ஒரு சிறிய இடைவெளி. குளிர்காலத்தில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி அந்த வாயையும் மூடிவிடுவார்கள், புயல் அலை உள்ளே வராமலிருக்க. கடல் வற்றினால் துறைமுகத்துக்குள் மணல் தெரியும்; படகுகள் சாய்ந்து படுத்துக் கிடக்கும், பிள்ளைகள் நடுவில் ஓடி விளையாடுவார்கள். சுற்றிலும் கல் வீடுகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகள். எதிரே கடலில் செயின்ட் கிளெமென்ட்ஸ் ஐல் என்ற பாறைத் தீவு.

கவிஞர் டிலன் தாமஸ் 1937-ல் கல்யாணம் முடித்த கையோடு மனைவியுடன் வந்து தங்கிய ஊர் இது. 1595-ல் ஸ்பெயின் நாட்டுக் கப்பல்கள் வந்து கொளுத்தியதில் ஊரே எரிந்துபோக, ஒரே ஒரு வீடு மிஞ்சியது என்பது ஊரின் பழங்கதை. அந்த வீடு இன்றும் நிற்கிறது. கார்ன்வாலுக்கென்று தனியாக ஒரு மொழி இருந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று பலரும் சொல்லும் டாலி பென்ட்ரீத், மௌஸலில் மீன் விற்ற பெண்மணி. 1777-ல் இறந்துபோனார். மேட்டில் இருக்கும் பால் என்ற ஊரின் சர்ச் சுவரில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது.

ஆனால், இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் பிரிட்டனில் ஒரு வயது தாண்டியவர்களுக்கு இவையெல்லாம் ஞாபகம் வராது. ஒரு படகுதான் ஞாபகம் வரும்.

சாலையோரத்து ஷெட்

நியூலின் என்ற பெரிய மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மௌஸலுக்கு வரும் கடலோரச் சாலையில், ஊர் வருவதற்கு முன்பு கீழே கடலை ஒட்டி ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் முன்னாலிருந்து ஒரு நீண்ட சரிவு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. பார்க்க ஏதோ பழைய கிடங்கு போலத்தான் இருக்கும். பென்லீ லைஃப்போட் நிலையம் அது. 1913-ல் வந்தது. 1983-க்குப் பிறகு அங்கே படகு இல்லை. ஆனாலும் கட்டடத்தை இடிக்கவில்லை, ஹோட்டலாக மாற்றவில்லை. அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்ன நினைவுத் தோட்டம், கடலைப் பார்த்து உட்கார இடம்.

லைஃப்போட் என்றதும் நமக்கு டைட்டானிக் படம்தான் கண்ணில் வரும். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும், ஆபத்தென்றால் இறக்கிவிடும் படகு. அது கப்பலில் இருப்பவர்கள் தப்பித்து வெளியேற. கரையோர ஊர்களில் இருக்கும் லைஃப்போட்டின் வேலை நேர் எதிரானது. எல்லோரும் கரைக்கு ஓடிவரும் நேரத்தில் இது கரையிலிருந்து புயலுக்குள் போகும், அங்கே மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவர.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்த வேலையைச் செய்வது அரசாங்கம் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன், சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளை செய்கிறது. ஐல் ஆஃப் மேன் தீவில் குடியிருந்த சர் வில்லியம் ஹில்லரி என்பவர், தன் வீட்டுக்கு எதிரிலேயே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பொறுக்காமல் எடுத்த முயற்சியில், 1824 மார்ச் 4-ம் தேதி லண்டனில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. மனிதர் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒதுங்கிவிடவில்லை. அறுபதை நெருங்கும் வயதிலும் துடுப்புப் படகில் ஏறிப் போய் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

200 ஆண்டுகளில் இந்த அமைப்பு கரைசேர்த்த உயிர்கள் 1,40,000-க்கும் மேல். இன்று 230-க்கும் அதிகமான நிலையங்கள் இருக்கின்றன. பணம் பெரும்பாலும் மக்கள் போடும் காசு. கடைக் கல்லாப் பக்கத்தில் படகு வடிவ உண்டியல் இருக்கும். சில பேர் உயிலில் எழுதிவைப்பார்கள். படகில் போகிறவர்களிலும் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். மீனவர், ஆசிரியர், பிளம்பர், ஹோட்டல்காரர், யாராகவும் இருக்கலாம்.

கற்றுக்கொண்ட பாடங்கள் எல்லாமே உயிரைக் கொடுத்து வந்தவை. 1861 பிப்ரவரியில் விட்பி என்ற ஊரில், ஒரே நாளில் ஐந்து முறை போய் ஆட்களைக் காப்பாற்றிய லைஃப்போட், ஆறாவது முறை கவிழ்ந்தது. 13 பேரில் பிழைத்தவர் ஒருவர். ஹென்றி ஃப்ரீமன் என்ற அந்த மனிதர் ஒருவர்தான் அப்போது புதிதாக வந்திருந்த கார்க் மிதவைச் சட்டையைப் போட்டிருந்தார். லைஃப் ஜாக்கெட்டின் அவசியத்தை அதற்குமேல் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பென்லீ ஷெட்டில் 1981-ல் இருந்த படகின் பெயர் ‘சாலமன் பிரவுன்’. 1960-ல் கட்டியது, மரத்தால் ஆனது, 47 அடி நீளம். வேகம் அதிகபட்சம் 9 நாட், அதாவது மணிக்கு 17 கிலோமீட்டர்கூட இல்லை. சைக்கிளை மிதிக்கும் வேகம்தான். படகு சரிவின் உச்சியில் சங்கிலி போட்டு நிற்கும். ஆட்கள் ஏறி, இன்ஜினைக் கிளப்பி, சங்கிலிப் பூட்டைத் தட்டிவிட்டால் தன் எடையிலேயே சறுக்கிக்கொண்டு போய்க் கடலில் விழும். இறக்குவது சில விநாடி வேலை. அலை பெரிதாக இருக்கும் நாளில் மேலே ஏற்றுவதுதான் கஷ்டம். புயல் ராத்திரியில் இந்தச் சரிவில் இறங்கினால் திரும்ப ஏறமுடியாது என்பது இறங்கும்போதே தெரிந்த விஷயம். வேறு துறைமுகத்தில்தான் கரையேற வேண்டும்.

1981 டிசம்பர் 19

அன்று சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள். மௌஸல் துறைமுகத்தைச் சுற்றி வண்ண விளக்குகள் போட்டிருந்தார்கள். 1963-ல் ஓர் ஓவியர் ஆரம்பித்துவைத்து, பிறகு ஊர் வழக்கமாகவே ஆகிவிட்ட அலங்காரம் அது. அந்த வருடம் விளக்குகளின் ஸ்விட்சைப் போட்டவர், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ‘ஷிப் இன்’ மதுவிடுதியை நடத்திவந்த சார்லஸ் கிரீன்ஹா. அது நடந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

அதே நேரம் ‘யூனியன் ஸ்டார்’ என்ற சிறிய சரக்குக் கப்பல் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. புத்தம்புதுக் கப்பல், கன்னிப் பயணம். நெதர்லாந்தில் உரம் ஏற்றிக்கொண்டு அயர்லாந்தின் ஆர்க்லோ துறைமுகத்துக்குப் போகவேண்டும். கேப்டனோடு சேர்த்து ஐந்து மாலுமிகள். கிறிஸ்துமஸை ஒன்றாகக் கழிக்கலாமென்று கேப்டன் வழியில் தன் மனைவியையும், டீன் ஏஜ் பெண்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆக மொத்தம் எட்டுப் பேர்.

கார்ன்வால் முனையை நெருங்கும்போது இன்ஜின் நின்றுபோனது. எரிபொருளில் கடல் தண்ணீர் கலந்துவிட்டது. என்ன செய்தும் கிளம்பவில்லை. காற்று கப்பலைக் கரைப் பக்கம் தள்ளியது. அருகே ஓர் இழுவைக் கப்பல் இருந்தது. கட்டி இழுக்கிறேன் என்றும் சொன்னது. ஆனால், கப்பல் தொழிலில் இதற்கென்று ஓர் ஒப்பந்தம் உண்டு. காப்பாற்றினால் கப்பல், சரக்கு மதிப்பைப் பொறுத்துப் பெரிய தொகை தரவேண்டும். காப்பாற்ற முடியாவிட்டால் ஒன்றும் இல்லை. கேப்டன் முதலில் வேண்டாம் என்றார். முதலாளிகளிடம் கேட்டுவிட்டுச் சரி சொல்வதற்குள் நேரம் போய்விட்டது. கரையில் உட்கார்ந்து அவரைக் குறைசொல்வது சுலபம். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம் என்று கடைசிவரை நம்பியிருப்பார். சொந்தக் குடும்பத்தையே கப்பலில் வைத்துக்கொண்டிருந்த மனிதர்.

காற்று 90 நாட் வரை வீசியது. மணிக்கு சுமார் 165 கிலோமீட்டர். அலைகள் 60 அடி. ஆறு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நடந்து வருவதை நினைத்துக்கொள்ளலாம். கல்ட்ரோஸ் கடற்படைத் தளத்திலிருந்து சீ கிங் ஹெலிகாப்டர் ஒன்று பறந்து வந்தது. ஓட்டியவர் அமெரிக்கக் கடற்படையிலிருந்து பணிப் பரிமாற்றத்தில் வந்திருந்த ரசல் ஸ்மித். ஆட்களைத் தூக்கக் கம்பியை இறக்கப் பார்த்தார்கள். கப்பலின் பாய்மரக் கம்பம் சாட்டை மாதிரி இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனால் ஹெலிகாப்டரே விழுந்துவிடும். முடியவில்லை.

அதற்குள் மௌஸலில் செய்தி பரவியிருந்தது. லைஃப்போட்டின் காக்ஸ்வைன் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ், வயது 56, மீனவர். காக்ஸ்வைன் என்றால் படகுக்குத் தலைவர். தூத்துக்குடித் தோணிகளில் ‘தண்டல்’ என்கிறோமே, அந்த மாதிரி. யார் வரவேண்டும், யார் வேண்டாம், எப்போது திரும்பவேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு.

கூப்பிட்டதும் தேவைக்கு மேலேயே ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அதில் ஏழு பேரை ரிச்சர்ட்ஸ் பொறுக்கினார். பெரும்பாலும் மீனவர்கள். ஒரு டெலிபோன் தொழில்நுட்பக்காரர். இருபதுகளைத் தொட்டுக் கொஞ்ச நாளே ஆன இளைஞர்கள் இருவர். விளக்குக்கு ஸ்விட்ச் போட்ட சார்லஸ் கிரீன்ஹா.

இன்ஜின் பார்க்கும் நைஜல் பிராக்மனும் போகிறார். அவருடைய 17 வயது மகனும் மூச்சிரைக்க ஷெட்டுக்கு வந்து நின்றான். நேரத்துக்கு வந்துவிட்டான், ஏறியிருக்கலாம். ரிச்சர்ட்ஸ் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட ராத்திரியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போக மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தப் பேச்சு முடிய எத்தனை விநாடி ஆகியிருக்கும்? அதற்குள் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. எந்த மாதிரி கடலுக்குள் போகிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துதான் பையனை வீட்டுக்கு அனுப்பினார், தெரிந்துதான் மற்ற ஏழு பேரோடு தானும் ஏறினார்.

இரவு 8.12-க்கு சாலமன் பிரவுன் சரிவில் இறங்கியது.

கப்பல் அப்போது லமோர்னா என்ற ஊருக்கு மேற்கே, டேட்டர் டூ கலங்கரை விளக்கத்தின் அருகே, பாறைகளை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கலங்கரை விளக்கமே இன்னொரு விபத்தின் பிள்ளைதான். 1963-ல் ஒரு ஸ்பானிஷ் கப்பல் அங்கே கவிழ்ந்து 11 பேர் இறந்த பிறகு, 1965-ல் கட்டினார்கள்.

லைஃப்போட் கப்பலின் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தது. ஒரு தடவை இல்லை, அரை மணி நேரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப. மேலே ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் அலை அந்த மரப் படகை அப்படியே தூக்கிக் கப்பலின் மேல்தளத்திலேயே வைத்துவிட்டது. படகு சறுக்கிக் கடலில் விழுந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் கப்பலை நோக்கியே போனது. கப்பலின் ஓரத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றவர்கள், படகில் கைநீட்டி நின்றவர்களை நோக்கிக் குதித்தார்கள்.

இரவு 9.21-க்கு ஃபால்மத் கடலோரக் காவல் நிலையத்துக்கு ரேடியோவில் செய்தி வந்தது. நான்கு பேரை எடுத்துவிட்டோம் என்றது. கப்பலில் இன்னும் ஆட்கள் இருப்பதாகவும் சொன்னது. பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் அறுந்துபோனது.

நான்கு பேர் படகில் இருக்கிறார்கள். அந்த நிமிடம் திசையைத் திருப்பிக் கரைக்கு வந்திருந்தால் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டில் நான்கு என்பதே அந்தக் கடலில் அதிசயம். ஆனால், மிச்சப் பேரை எடுக்கத்தான் அவர்கள் முயன்றார்கள் என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. கப்பலின் இன்ஜின் கெட்டதும், கடுமையான வானிலையும் கப்பலைக் கவிழ்த்தன. கப்பலில் இருந்த அத்தனை பேரையும் காப்பாற்ற லைஃப்போட் ஆட்கள் விடாமல் செய்த வீர முயற்சியில் அவர்களுடைய படகும் போனது. விசாரணை எட்டிய முடிவின் சாரம் அதுதான்.

ஃபால்மத்திலிருந்து படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் இல்லை. பத்து நிமிடம் கழித்து, கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்துகொண்டிருந்த படகின் விளக்கும் காணாமல்போனது.

அதே ராத்திரியில் பக்கத்து ஊர்களின் லைஃப்போட்டுகள் தேடப் புறப்பட்டன. சென்னென் கோவ் படகால் நிலமுனையைச் சுற்றி வரவே முடியவில்லை. லிசர்ட் படகு தேடி அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி, தன் சரிவில் ஏறிய பிறகுதான் அதன் அடிப்பாகத்தில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது தெரிந்தது. விடிந்ததும் கப்பல் பாறை மேல் கவிழ்ந்து கிடந்தது. கரையில் மரத்துண்டுகள் ஒதுங்கின. அதுதான் சாலமன் பிரவுன். கப்பலில் எட்டு, படகில் எட்டு, பதினாறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எல்லோருடைய உடலும் கிடைக்கவும் இல்லை.

அந்தப் படகு ஆட்கள் காட்டிய துணிச்சலைப்போல் தான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை என்று ஹெலிகாப்டர் ஓட்டிய ரசல் ஸ்மித் பிறகு எழுதினார். அவர் போர்க்கப்பல் படையின் ஆள்.

மறுநாள்

மௌஸல் ஒரு சின்ன ஊர். எட்டுப் பேர் என்றால் பக்கத்து வீடு, எதிர் வீடு, பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவர் என்று யாராவது ஒருவர் எல்லோருக்கும் உறவு. சந்துகளில் அழுகை கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரே நாளுக்குள், புதிய லைஃப்போட் குழு அமைக்கத் தேவையான அளவு ஊர்க்காரர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். படகே இல்லை, ஆனால், போக ஆள் இருக்கிறது. இதைப் படிக்கிற யாருக்கும், தன் வீட்டுப் பிள்ளை மறுநாளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தால் என்ன சொல்லியிருப்போம் என்ற கேள்வி வராமல் போகாது. அந்த வீடுகளிலும் அம்மாக்களும் மனைவிகளும் இருந்தார்கள்.

நாடு முழுக்கப் பணம் வந்து குவிந்தது. 30 லட்சம் பவுண்டுக்கு மேல். அதற்கு அரசாங்கம் வரி போடப் பார்த்தது என்பது இந்தக் கதையின் கசப்பான கிளைக்கதை. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸுக்கு ஆர்.என்.எல்.ஐ. தங்கப் பதக்கமும், மற்ற ஏழு பேருக்கும் வெண்கலப் பதக்கமும் மறைவுக்குப் பின் கொடுத்தது.

ஊரில் கிறிஸ்துமஸ் விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். அந்த வருடம் அவ்வளவுதான் என்று நினைத்திருக்கும்போது, மூன்று நாள் கழித்து சார்லஸ் கிரீன்ஹாவின் மனைவி, விளக்குகளைச் சரிசெய்து மறுபடியும் ஏற்றச் சொன்னார். அவர் கணவர் ஏற்றிவைத்த விளக்குகள். ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து வழக்கம் அது. டிசம்பர் நடுவிலிருந்து புது வருடம் வரை மௌஸல் துறைமுகம் ஜொலிக்கும். தண்ணீருக்கு மேல் கடல் பாம்பு, மீன், கப்பல் என்று விதவிதமான உருவங்கள். எல்லாம் ஊர்த் தன்னார்வலர்கள் கையால் செய்தவை. ஆனால், டிசம்பர் 19 அன்று மட்டும் இரவு 8 மணிக்கு அத்தனையையும் அணைத்துவிடுவார்கள். ஒரு சிலுவையும் தேவதை உருவங்களும் மட்டும் எரியும். ஒரு மணி நேரம் கழித்து, 9 மணிக்கு மறுபடியும் எல்லாம் ஒளிரும்.

நியூலினில் இன்று

பென்லீ என்ற பெயர் இன்னும் இருக்கிறது, படகு மட்டும் இடம் மாறிவிட்டது. 1983-லிருந்து அது நியூலின் துறைமுகத்தில் தண்ணீரிலேயே மிதந்தபடி நிற்கிறது. சரிவில் இறக்கும் வேலை இல்லை. பிரிட்டனின் அத்தனை மலைகளின், வீடுகளின் உயரத்தையும் எந்தக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்களோ, அந்தக் கடல்மட்டத்தைக் குறித்த இடமும் இந்த நியூலின் துறைமுகம்தான். 1915 முதல் 1921 வரை இங்கே தினமும் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தை அளந்து சராசரி எடுத்தார்கள்.

இப்போதிருப்பது 2003-ல் வந்த ‘ஐவன் எலன்’. செவர்ன் வகைப் படகு. சுமார் 17 மீட்டர் நீளம், 25 நாட் வேகம், அதாவது சாலமன் பிரவுனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். மேலே அறை மூடியபடி காற்றை அடக்கி வைத்திருக்கும். கீழே இன்ஜின்களின் எடை. தலைகீழாகப் புரட்டினாலும் காற்று மேலே வரப் பார்க்கும், எடை கீழே போகப் பார்க்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காருமே, அதே கணக்குதான். உள்ளே ஆட்கள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ரேடார், செயற்கைக்கோள் வழிகாட்டி, வெப்பத்தை வைத்து இருட்டில் ஆளைத் தேடும் கருவிகள் என்று லைஃப்போட்டுகளில் எவ்வளவோ வந்துவிட்டது.

மாறாதது ஆட்கள் வரும் விதம். பாதிச் சாப்பாட்டிலோ, கடையில் வியாபாரத்துக்கு நடுவிலோ, நடுராத்திரித் தூக்கத்திலோ பேஜர் அலறும். கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடவேண்டும். வந்தவர்களில் யார் யார் போவது என்பதை இன்றும் காக்ஸ்வைன்தான் முடிவு செய்கிறார். அன்று ஷெட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட 17 வயதுப் பையன் பிற்காலத்தில் லைஃப்போட்டில் சேர்ந்தார். பிறகு அதே பென்லீ படகுக்கு அவரே காக்ஸ்வைன் ஆனார்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நியூலினிலிருந்து மௌஸலுக்குக் கடலோரமாக நடந்து போவது நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வழியில்தான் பழைய ஷெட்டும் தோட்டமும். ஷெட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். மேட்டில் பால் சர்ச்சுக்குள் எட்டுப் பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. டிசம்பர் மாலைகளில் ஊருக்குள் கார் ஓட்டிப் போவது வீண் வேலை. சந்துகளில் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே வந்துதான் வெளியேறவேண்டும். பென்சான்ஸிலிருந்து பஸ் இருக்கிறது. 19-ம் தேதி போகிறவர்கள் 8 மணிக்கு முன்பே துறைமுகச் சுவர் ஓரம் போய் நின்றுவிட வேண்டும். கேமரா ஃப்ளாஷ் போடாமல் இருந்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பெரிய உபகாரம்; அவர்களில் யார் யாருக்கு யார் உறவு என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

முடிந்தால் நான்கு நாள் தங்கி 23-ம் தேதியையும் பார்த்துவிட்டு வரலாம். அன்று ‘டாம் பாகாக் ஈவ்’. எப்போதோ ஒரு குளிர்காலத்தில் புயல் விடாமல் அடித்து, ஒரு படகும் கடலுக்குப் போகமுடியாமல், ஊரே பட்டினி கிடந்ததாம். டாம் பாகாக் என்ற கிழ மீனவர் மட்டும் துணிந்து போய் ஏழு வகை மீன்களோடு திரும்பினாராம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, மேலே மாவு மூடி வேகவைத்தார்கள். உள்ளே நிஜமாகவே மீன் இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட, மீன் தலைகளை மட்டும் மாவுக்கு வெளியே நீட்டிவிட்டார்கள். இந்தக் கதையை வைத்து ‘தி மௌஸல் கேட்’ என்று குழந்தைகளுக்கு ஓர் அழகான படக்கதைப் புத்தகமும் வந்திருக்கிறது.

அந்தப் பையின் பெயர் ‘ஸ்டார்கேஸி பை’. தட்டில் வரும்போது மீன்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கும் குழந்தைகள் கொஞ்சம் பயப்படுவார்கள், பிறகு சிரிப்பார்கள். 23-ம் தேதி அன்று அது கிடைக்கும் இடம், துறைமுகத்தை ஒட்டி இருக்கும் ஷிப் இன்.